தலையணைத் தொந்தி

தோழனே!

பத்தாண்டுகளுக்கு முன் நான் தீட்டிய நாடகமொன்றிலே பண்ணையார் ஒருவர் வருவார். பட்டுச் சட்டை, பத்து விரலுக்கும் மோதிரம், பக்கத்திலே வெற்றிலைப் பெட்டி. அத்தனையும் இருந்தும் ஒப்பனை செய்தவருக்கு மனம் நிறையவில்லை. "பண்ணையாருக்குத் தொந்தி இல்லாமலா?" என்றார். தேடிப் பிடித்துத் தலையணை ஒன்றைக் கட்டினோம். திரை விலகிற்று, தொந்தியைத் தடவியபடி பண்ணையார் நடந்து வந்தார், வாய் திறக்கவில்லை, வசனம் பேசவில்லை — கொட்டகை குலுங்கச் சிரித்தது! ஓர் இரவு முழுதும் விழித்து நான் எழுதிய வசனம் வாங்காத கைத்தட்டலை ஒரு தலையணை வாங்கிற்று.

மறு ஆண்டு தலையணை தேவைப்படவில்லை. கிண்டித் தொழிற்பேட்டையிலே லேத்துப் பட்டறையொன்றில் வேலை பார்க்கும் தோழர் ஒருவர் அந்த வேடத்தை ஏற்றார். என்னிலும் பத்து வயது மூத்தவர். ஆகவே எனக்கு அண்ணன். உண்டியல் குலுக்குவதா, தோரணம் கட்டுவதா, நள்ளிரவிலே பசைச் சட்டியைத் தூக்குவதா, எதற்கும் முதலில் நிற்பவர். இயல்பிலேயே பருத்த உடல். "தலையணைச் செலவு நமக்கு மிச்சம், அண்ணா!" என்று நான் கேலி பேசுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். பத்தாண்டுக் காலம் சிரித்தார்.

சென்ற மாதம் அவரைக் கிண்டியிலே கண்டேன். 2023 சூன் 15ஆம் நாள் திறக்கப்பட்டதே, ஆயிரம் படுக்கைகள் கொண்ட கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனை, அதற்கு வெளியே ஒரு தேநீர்க் கடை. அதன் பலகையிலே இரண்டு பேர் அமரும் இடத்தில் தனியாக அமர்ந்திருந்தார். நீரிழிவு நோய்க்கு மருந்து வாங்க வந்தாராம். எடை 132 கிலோ. முழங்கால் இரண்டும் முறையிடுகின்றன. இரவிலே படுத்தால் மூச்சு அடைக்கிறது. சுவரிலே சாய்ந்து உட்கார்ந்தே உறங்குகிறார். பட்டறை முதலாளி, "நின்று செய்யும் வேலை இனி உமக்கு வேண்டாம்" என்று கனிவோடு சொல்லியிருக்கிறார். கனிவோடு சொன்னால் என்ன, கடுகடுப்போடு சொன்னால் என்ன, வேலை போவது வேலை போவதுதானே!

சட்டைப் பையிலிருந்து வண்ணத் துண்டறிக்கை ஒன்றை எடுத்தார். ஏதோ ஒரு தனியார் மருத்துவ விடுதியினுடையது. ஒரு பக்கம் பருத்த மனிதன், மறுபக்கம் மெலிந்த மனிதன், நடுவிலே அம்புக்குறி. அறுவைக்கு மூன்றரை இலட்சம். மாதத் தவணை வசதியும் உண்டு. "தம்பி, நீ நாலு எழுத்துப் படித்தவன். வயிற்றை அறுத்துக்கொள்வதா, பலூன் வைத்துக்கொள்வதா, ஊசி போட்டுக்கொள்வதா? ஏதாவது ஒன்றைச் சொல்" என்றார்.

மூன்று மணி நேரம் மூச்சு விடாமல் மேடையிலே முழங்குபவன் நான். அன்று வாய் அடைத்து நின்றேன். கல்லூரியைப் பாதியிலே துறந்து வந்தவனுக்கு இரைப்பையைப் பற்றி என்ன தெரியும்? "ஒரு வாரம் பொறுங்கள், அண்ணா" என்று கூறிவிட்டு வந்தேன். படித்தேன், மருத்துவத் தோழர்களைத் துளைத்தெடுத்தேன். அவருக்குச் சொன்னதைத்தான் இன்று உனக்கும் சொல்கிறேன்.

"ஞாயிற்றுக்கிழமை அரசியல் ஏட்டிலே தொந்திக்கு என்ன இடம்?" என்று நீ கேட்பாய். வயிற்றைத் தவிர வேறு எதைப் பற்றித் தோழனே இந்நாட்டு அரசியல் பேசிற்று? 1967ஆம் ஆண்டை எண்ணிப் பார். அரிசி கிடைக்காமல் அடுப்புகள் அணைந்து கிடந்த காலம். ரூபாய்க்குப் படியரிசி என்ற உறுதிமொழி ஓர் ஆட்சியை இறக்கி இன்னோர் ஆட்சியை ஏற்றிற்று. அந்த ஆண்டே சென்னையிலும் கோவையிலும் படியரிசி வழங்கவும்பட்டது. 2011 சூன் முதல் அட்டைக்கு அரிசி விலையின்றியே வருகிறது. பஞ்சம் என்ற சொல்லைப் பாட்டியின் கதையிலே மட்டும் கேட்கும் தலைமுறை வளர்ந்துவிட்டது. அது வெற்றி. மறுப்பவன் பசித்தறியாதவன்.

இப்பொழுது மற்றொரு கணக்கைப் பார். 2015-16இலே நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டிலே 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 100க்கு 31 பேர் அளவுக்கு மீறிய எடையுடையோர். 2019-21இலே அது 40ஐத் தாண்டிவிட்டது. ஆண்களிலே 28ஆக இருந்தது 37 ஆயிற்று. இந்தியா முழுமைக்கும் பெண்களின் கணக்கு 24தான். அதே கணக்கெடுப்பு இன்னொன்றும் சொல்கிறது: அதே தமிழ்நாட்டிலே பெண்களிலே பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை; ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலே நாலில் ஒன்று வயதுக்குரிய உயரம் வளரவில்லை. ஒரே தெரு, ஒரே வீடு. தாய் பருத்திருக்கிறாள், மகவு குன்றியிருக்கிறது! இதைக் கொழுப்பு என்பாயா, குறை என்பாயா?

"தின்று கொழுத்தவர்கள்" என்று நாக்கூசாமல் சொல்கிறார்கள். நானும் சொன்னவன்தான், தலையணை கட்டியவன் அல்லவா! இரண்டே தலைமுறையிலே பட்டினிக்காரனின் பேரன் பெருந்தீனிக்காரன் ஆகிவிட்டானா? இதற்கு விடை சென்னையிலே கிடைக்கவில்லை. ஆலந்து நாட்டிலே கிடைத்தது.

1944ஆம் ஆண்டின் இறுதி. நாசிப் படை, ஆலந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்லும் வழிகளை அடைத்தது. பனிக்காலம். மக்கள் துலிப்பு மலர்க் கிழங்கை வேகவைத்துத் தின்றனர். 1945 மே மாதம் விடுதலை வருமுன் 20,000 பேருக்கு மேல் மாண்டனர். அந்தப் பட்டினியின்போது கருவிலே இருந்த குழந்தைகள் பிறந்தன, வளர்ந்தன, பத்தொன்பது வயதிலே படைச் சேவைக்கான உடற்சோதனைக்கு வந்து நின்றன. மூன்று இலட்சம் இளைஞர்களின் ஏடுகளை ஆராய்ந்து 1976இலே வெளியிட்டார்கள். கருவின் முற்பாதியிலே பட்டினியைக் கண்ட பிள்ளைகளிடம்தான் உடற்பருமன் மிகுந்திருந்தது! தாய் பட்ட பசியைப் பிள்ளையின் உடல் மறக்கவில்லை. "மீண்டும் பஞ்சம் வரும், சேர்த்து வை, சேர்த்து வை" என்று அதற்கு யாரோ கருவறையிலே ஓதிவிட்டார்கள்.

அது வெள்ளையர் நாட்டுக் கதை என்று தள்ளிவிடாதே. புனே நகரிலே மருத்துவர் யாச்னிக் என்பவர் நம் நாட்டுப் பச்சிளங் குழந்தைகளை அளந்து பார்த்தார். இங்கிலாந்துக் குழந்தை சராசரி மூன்றரைக் கிலோ. புனேக் குழந்தை 2.7 கிலோ. எடையிலே இளைத்த குழந்தை, தசையிலே இளைத்த குழந்தை. ஆனால் கொழுப்பிலே மட்டும் அவ்வளவாக இளைக்கவில்லை. ஒல்லியாகத் தோன்றும் உடலுக்குள்ளே ஒளிந்திருக்கும் பருமன்! ஆகவேதான் ஐரோப்பியருக்கு வகுத்த அளவுகோல் நமக்குப் பொருந்துவதில்லை. அவர்களினும் குறைந்த எடையிலேயே நீரிழிவு நம் வாயிற்படியை மிதிக்கிறது.

பட்டினி கிடந்த பாட்டியின் பேரன் அண்ணன். அவர் தட்டிலே மலிவாகக் கிடைப்பது சோறு. பருப்பு விலை ஏறிற்று, காய் விலை ஏறிற்று, முட்டை விலை ஏறிற்று. எண்ணெய்ப் பண்டமும் சர்க்கரைப் பானமும் மட்டும் ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் தெருமுனையிலே தொங்குகின்றன. பட்டறையிலே பன்னிரண்டு மணி நேரம்; இரவு பத்து மணிக்குமேல் முதல் முழுச் சாப்பாடு. வயிற்றை நிரப்பும் பொறுப்பை அரசு ஏற்றது. தட்டின் மறுபாதியைச் சந்தைக்கு விட்டுவிட்டோம். குற்றவாளியைத் தேடினால் அண்ணனின் வாய் மட்டுமா கூண்டிலே நிற்கும்?

சரி, அறுவைக்கு வருவோம். அதற்கு முன் ஓர் அரசன் கதை. சிறியதுதான்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எசுப்பானியத்திலே லியோன் நாட்டை சாஞ்சோ என்பான் ஆண்டான். குதிரையேற முடியாத பருமன். ஏறமுடியாதவன் எப்படிப் படை நடத்துவான் என்று பிரபுக்கள் நகைத்தார்கள்; 958இலே அவனை அரியணையிலிருந்து இறக்கிவிட்டார்கள். பாட்டியார் தோடா, நவார் நாட்டு அரசி, பேரனைக் கைவிடவில்லை. எதிரி நாடான கார்தோபாவுக்கு அழைத்துப் போனாள். அங்கே கலீபாவின் அவையிலே ஃகசுதாய் என்ற யூத மருத்துவர் இருந்தார். உணவை ஒடுக்கி, மூலிகை கொடுத்து, சாஞ்சோவை இளைக்கவைத்தார். இளைத்தவன் படையுடன் திரும்பினான்; அரியணை ஏறினான். கூலி? கோட்டைகள்! எல்லையிலிருந்த கோட்டைகளைக் கலீபாவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கிறித்தவ மன்னனின் தொந்தியை, இசுலாமியரின் அவையிலே, யூதர் ஒருவர் கரைத்தார் என்பதை மதத்தின் பெயரால் மண்டையை உடைத்துக் கொள்வோர் சற்றே நினைத்துப் பார்க்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு. அரசனுக்கே இளைப்பதற்குக் கோட்டை விலையாயிற்று. லேத்துப் பட்டறைத் தொழிலாளியிடம் எந்தக் கோட்டை இருக்கிறது எழுதிக் கொடுக்க?

கத்தியின் வரலாறு 1966இலே தொடங்குகிறது எனலாம். அமெரிக்காவிலே அயோவா பல்கலைக்கழகத்து மருத்துவர் எட்வர்டு மேசன், குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்ட பெண்கள் இளைத்துப்போவதைக் கவனித்தார். நோயாளிக்குத் தீங்காகத் தோன்றியதை வேறு நோயாளிக்கு மருந்தாக்கலாமே என்று எண்ணினார். இரைப்பையின் மேற்பகுதியிலே சிறு பை ஒன்றைப் பிரித்து அதைச் சிறுகுடலோடு நேரே இணைத்தார். இன்று அந்தப் பையிலே முப்பது மில்லி அளவுதான் கொள்ளும். இரண்டு மேசைக்கரண்டி என்று வைத்துக்கொள். மற்றொரு முறை, இரைப்பையிலே முக்காற் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு வாழைப்பழம்போல் ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பது. வயிற்றைக் கிழிப்பதில்லை, சிறு துளைகள் வழியே கருவியை நுழைத்தே முடிக்கிறார்கள்.

"பை சிறுத்தது, சோறு குறைந்தது, உடல் இளைத்தது, அவ்வளவுதானே" என்று நானும் எண்ணினேன். அவ்வளவு மட்டும் அல்லவாம். பசியை எழுப்பும் சுரப்பு இரைப்பையின் மேற்பகுதியிலேதான் மிகுதியாக ஊறுகிறது. அந்தப் பகுதி போனதும் பசியின் குரல் தாழ்கிறது. நிறைவை அறிவிக்கும் குடற்சுரப்பு ஏறுகிறது. எடை குறையத் தொடங்குமுன்பே, சில நாள்களிலேயே, பலருக்கு நீரிழிவு தணிகிறது. மனவுறுதி இல்லாதவன் என்று ஊர் ஏசிற்றே, அந்த மனவுறுதியின் சாவி மூளையிலே மட்டும் அல்ல, குடலிலும் தொங்கிக்கொண்டிருந்தது!

பயன் உண்டா? சுவீடன் நாட்டிலே 1987 முதல் ஓர் ஆய்வு நடத்தினர். அறுவை செய்துகொண்டோர் 2,010 பேர். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோர் 2,037 பேர். ஏறத்தாழப் பதினோர் ஆண்டுகள் சென்றபின் எண்ணினார்கள்: முதற் கூட்டத்திலே மாண்டவர் 101, மற்றதிலே 129. அழகுக்காகச் செய்யும் அலங்காரம் அல்ல இது, ஆயுளின் கணக்கு. உடல் எடையிலே கால் பங்கோ, அதற்கும் சற்று மேலோ குறைகிறது. ஆனால் கத்தி கத்திதான். தையல் கசியலாம், குருதி பெருகலாம், கட்டியாகி நுரையீரலை அடைக்கலாம். தேர்ந்த இடங்களிலே ஆயிரத்தில் ஓரிருவருக்கு உயிர்க்கேடு. அதன்பின் இரும்பு, சுண்ணாம்பு, உயிர்ச்சத்து மாத்திரைகளை வாழ்நாள் முழுதும் விழுங்கவேண்டும். துண்டறிக்கையிலே அம்புக்குறி இருந்தது; இந்த மாத்திரைகள் இல்லை.

தேர்ந்த இடங்களிலே என்றேன். அந்தச் சொல்லை அடிக்கோடிட்டுக்கொள். 2024 ஏப்ரலிலே சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில், எடைக்குறைப்பு அறுவைக்கென்று படுத்த இளைஞர் ஒருவர் உயிர் பிழைக்கவில்லை. அரசு விசாரணை நடத்திற்று. அந்த மருத்துவமனையின் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. இளைக்க வேண்டும் என்ற ஆசை, ஊராரின் நகைப்பிலே பிறக்கிறது. அந்த நகைப்பிலே என் நாடகத்துக்கும் பங்கு உண்டு என்று அன்று இரவு எண்ணியபோது உறக்கம் வரவில்லை.

கத்திக்கு அஞ்சுவோருக்கு வேறு வழிகள் உண்டு. வாய் வழியே பலூனை இறக்கி வயிற்றுக்குள்ளே உப்பு நீரால் நிரப்பிவிடுவது ஒன்று. இடம் அடைபட்டதால் சில பிடியிலேயே வயிறு நிறைகிறது. ஆறு மாதம் கழித்து எடுத்துவிட வேண்டும். எடுத்தபின்? வாடகைக்கு வந்த இளைப்பு, வாடகை முடிந்ததும் பலரிடமிருந்து வெளியேறிவிடுகிறது. மற்றொன்று, வாய் வழியே குழாயை நுழைத்து, வெட்டாமலே இரைப்பையை உள்ளிருந்து தைத்துச் சுருக்குவது. 2022இலே வெளியான ஓர் ஆய்விலே ஓராண்டில் நூற்றுக்குப் பதின்மூன்றரைப் பங்கு எடை குறைந்தது. கத்தியினும் குறைவு, பலூனினும் மேல்.

ஊசிக்கு வருவோம், இப்பொழுது ஊரெல்லாம் அதே பேச்சு. அதன் பிறப்போ ஒரு பல்லியின் வாயிலே! கிண்டியிலே 1972 முதல் பாம்புப் பண்ணை இருக்கிறது. பிள்ளைகளோடு போய் உடும்பையும் ஓணானையும் வேடிக்கை பார்த்திருப்பாய். அமெரிக்கப் பாலைவனத்திலே கிலா என்றொரு நச்சுப் பல்லி உண்டு. ஆண்டுக்குச் சில முறையே இரை எடுக்கும். அதன் நச்சு எச்சிலை ஆராய்ந்த சான் எங் என்ற மருத்துவர், மனிதக் குடலின் நிறைவுச் சுரப்பைப் போன்ற ஒரு பொருளை 1992இலே கண்டார். 2005இலே அது நீரிழிவு மருந்தாயிற்று. அதே குலத்திலே பின்னர் தோன்றியவையே செமாக்ளூடைடும் டிர்செபடைடும். வாரம் ஓர் ஊசி. 2021இல் வெளியான ஆய்விலே செமாக்ளூடைடு எடையிலே 15 விழுக்காட்டைக் குறைத்தது. 2022இலே டிர்செபடைடு, முழு அளவிலே, இருபதையும் தாண்டிற்று. கத்திக்கு அருகே வந்துவிட்டது ஊசி. ஆனால் ஊசியை நிறுத்தினால்? செமாக்ளூடைடை நிறுத்தியோருக்கு இழந்த எடையிலே மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிட்டது. குமட்டல், வாந்தி, சிலருக்குக் கணையத்தில் அழற்சி. மருத்துவர் கண்காணிப்பின்றி மருந்துக் கடையிலே வாங்கிக் குத்திக்கொள்ளும் பொருளல்ல.

விலையைக் கேள். டிர்செபடைடு 2025 மார்ச்சிலே இந்தியச் சந்தைக்கு வந்தபோது ஐந்து மில்லிகிராம் குப்பி ஒன்று 4,375 ரூபாய். வாரம் ஒன்று, மாதம் 17,500. அண்ணனின் மாத ஊதியம் 22,000. ஊசி போட்டபின் எஞ்சுவது 4,500. இதைக் கேட்டதும் அண்ணன், "தம்பி, இந்த ஊசியை வாங்கினாலே போதும், சோறு வாங்கக் காசிருக்காது, தானாக இளைத்துவிடுவேன்!" என்றார். நாடகக்காரன் நான், என்னால் இதைவிட நல்ல வசனம் எழுத முடியாது.

இங்கேதான் தோழனே, அரசியல் வாயிலைத் தட்டுகிறது. செமாக்ளூடைடுக்கு இந்தியாவிலுள்ள காப்புரிமையின் எல்லை 2026 மார்ச். எல்லை கடந்த மருந்தை இந்நாட்டுத் தொழிற்சாலைகள் தாமே செய்யலாம். போட்டி வந்தால் விலை சரியும். சரிந்த விலையிலே மொத்தமாக வாங்குவதற்கு நம்மிடம் அமைப்பு இல்லையா? 1994இலே தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் முறையைப் பிற மாநிலங்களும் பின்பற்றின. இன்சுலின் ஏழைக்குக் கிடைப்பதுபோல் இதுவும் தேவைப்பட்ட ஏழைக்குக் கிடைக்கவேண்டும். ஊசியும் நடிகைக்கு, உபதேசம் உழைப்பாளிக்கு என்ற பாகுபாடு இந்த மண்ணிலே செல்லக்கூடாது.

காப்பீட்டைப் பார். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இலே வகுத்த விதி, எடையை உயரத்தின் இருமடிப் பெருக்கத்தால் வகுத்து வரும் எண் 40 ஆனால்தான் அறுவைச் செலவுக்கு இடம் தருகிறது. கடும் இணைநோய்கள் சில இருந்தால் 35. ஆனால் உலக அறுவை மருத்துவர் சங்கங்கள் 2022இலே, ஆசிய மக்களுக்கு 27.5 என்ற எண்ணிலிருந்தே அறுவையைக் கருதலாம் என்றன. எல்லோருக்கும் கத்தி என்பது என் வாதம் அல்ல. நோய் முற்றி முழங்கால் முறியும்வரை காத்திரு என்று சொல்லும் விதி யாருக்காக எழுதப்பட்டது என்பதே என் கேள்வி. அண்ணனின் எண் 46ஐத் தாண்டிவிட்டது. அவர் விதிக்குள்ளே வருகிறார். ஆனால் அவரிடம் தனியார் காப்பீடு இல்லை! அரசு மருத்துவமனைகளிலும் இந்த அறுவை நடக்கிறது, இலவசமாகவே நடக்கிறது. அதை அவர் அறியவில்லை. துண்டறிக்கை அவர் வீட்டைத் தேடி வந்தது, செய்தி வரவில்லை. வீடு தேடி மருந்து கொண்டுபோகும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகத்து முதல் நடக்கிறதே, அந்தப் பைக்குள்ளே இந்தச் செய்தியும் இருக்கட்டும். கிளைக் கழகத் தோழர்களுக்கும் அதிலே வேலை உண்டு.

இத்தனையும் பேசி முடித்து அண்ணனோடு சாலையோரமாக மெல்ல நடந்தேன். உயர்சிறப்பு மருத்துவமனை எழுந்துள்ள வளாகம் எது தெரியுமா? கிங் நிலையம்! 1899இலே, சுகாதார ஆணையர் கிங் பெயரால் தோன்றிய நோய்த்தடுப்பு மருத்துவ நிலையம். பெரியம்மைக்கு மருந்து இங்கேதான் வடித்தார்கள். அம்மை கண்டவனைத் தெய்வக் குற்றம் என்றது அன்றைய ஊர். வேப்பிலையைச் செருகிவிட்டு விலகி நின்றது. ஊசி வந்தது, 1980இலே பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்தது, தெய்வக் குற்றம் எங்கே போயிற்றோ! பருத்தவனைப் பார்த்து வாய்க் குற்றம் என்கிறதே இன்றைய ஊர், அதுவும் அந்த வேப்பிலையின் தங்கைதான்.

சற்றுத் தள்ளிக் குதிரைப் பந்தயத் திடல். அங்கே பல காலமாக மனிதரை நிறுத்து வந்தார்கள். பந்தயத்துக்கு முன்னும் பின்னும் குதிரையோட்டியைத் தராசிலே ஏற்றுவார்கள். குறைந்தால் சேணத்திலே ஈயம் சேர்ப்பார்கள். மனித எடையிலே அத்தனை அக்கறை! 1945 முதல் 160 ஏக்கர் நிலம், ஆண்டுக்கு 614 ரூபாய்ச் சில்லறை வாடகை. 2024 செப்டம்பரிலே அரசு குத்தகையை நீக்கி நிலத்தை எடுத்துக்கொண்டது. 118 ஏக்கரைப் பசுமைப் பூங்காவுக்கு ஒதுக்கிற்று. வழக்கும் மன்றம் ஏறிற்று. குதிரை ஓட இடமிருந்த கிண்டியிலே மனிதன் நடக்க இடமில்லை. தொழிற்பேட்டைச் சாலையிலே நடைபாதையைத் தேடிப் பார். கழிவுநீர்க் கால்வாயின் மூடியைத்தான் காண்பாய். மருத்துவர் "தினம் அரை மணி நேரம் நடங்கள்" என்கிறார். "எங்கே?" என்று அண்ணன் கேட்டார். அந்தப் பூங்கா திறக்கும் நாள் ஆயிரம் படுக்கைக்கு ஈடான நாள் என்பேன். மருத்துவத் தோழர்கள் சண்டைக்கு வந்தாலும் வரட்டும்.

நடந்தபடியே அவர் ஒன்று சொன்னார். பத்தாண்டாகச் சொல்லாதது.

"நாடகத்துக்கு என் மகளை அழைத்து வருவேன், நினைவிருக்கிறதா? முதல் வரிசையிலே உட்காருவாள். நான் மேடைக்கு வந்ததும் கொட்டகை சிரிக்கும். அவளும் சிரிப்பாள். ஆறாம் வகுப்புக்குப் போனபின் சிரிக்கவில்லை. அப்புறம் வருவதையே நிறுத்திவிட்டாள். பள்ளியிலே அவளைப் பண்ணையார் மகள் என்று கூப்பிட்டார்களாம், தம்பி."

நான் ஒன்றும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? சுரண்டலைச் சாடுவதாக எண்ணிச் சுரண்டப்பட்டவனின் வயிற்றைச் சாடியிருக்கிறேன். உண்மையான பண்ணையார்கள் இன்று காலையிலே நடைபயிற்சி செய்கிறார்கள், தனி ஆசிரியர் வைத்து. ஒல்லியாக, ஒய்யாரமாக இருக்கிறார்கள். தொந்தி கூலிக்காரன் வீட்டுக்குக் குடிபெயர்ந்து வெகுநாளாயிற்று. ஓவியத் தோழர்களே, கேலிச் சித்திரத்திலே முதலாளியை இன்னும் உருண்டையாக வரைகிறீர்களே, உங்களுக்கும் இதிலே பங்கு உண்டு.

அண்ணன் துண்டறிக்கையைக் கிழிக்கவில்லை. மடித்துப் பையிலே வைத்துக்கொண்டார். பின்பக்கம் வெற்றாக இருக்கிறதாம், கணக்கெழுத உதவுமாம். அரசு மருத்துவரைப் பார்த்தாயிற்று. உடனே கத்தி இல்லை என்று கூறியிருக்கிறார்: முதலில் இதயம், நுரையீரல், உறக்க மூச்சு ஆகிய சோதனைகள், பின் சில மாதங்கள் உணவுமுறை, அதன்பின் அறுவையா ஊசியா என்று பார்க்கலாமாம். புதன்தோறும் போகிறார். பட்டறையிலே அரை நாள் ஊதியம் பிடிக்கிறார்கள்; அதைப் பற்றி முதலாளியிடம் தொழிற்சங்கம் பேசிக்கொண்டிருக்கிறது.

நாடகம் சைதாப்பேட்டையிலே மீண்டும் அரங்கேற இருக்கிறது. பண்ணையார் வேடத்துக்கு ஒல்லியான தோழர் ஒருவரைப் பார்த்துவிட்டேன். தலையணையை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன். அண்ணன் கேட்டது வழக்கறிஞர் வேடம். "அதிலே வசனம் நிறைய இருக்கிறது, தம்பி" என்றார். பதினேழு பக்கம். பாதிக்கு மேல் மனப்பாடம் ஆகிவிட்டதாம். மாலையிலே வேலை முடிந்து நடக்கும்போது, லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே, உரக்கவே சொல்லிப் பார்க்கிறாராம்.